இழுத்தவருக்குப் பங்கு

எட்டாவதோடு படிப்பை விட்டு, லாரி கிளீனராக, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக் கூலியாக அலைந்தபின், ஓர் ஆவணப்படக் குழுவில் மைக் பிடிக்கச் சேர்ந்தேன். மேட்டூர் அணையில் மீன் பிடிக்கும் செல்வி அக்காவைப் படமெடுத்தோம். நடப்பதில் தலையிடாமல் எடுப்பதுதான் இயக்குநரின் பாணி.

அன்று பரிசலில் எங்களோடு இருந்த அக்காவின் வலை, நீருக்கடியில் கட்டையில் சிக்கியது. கிழிந்தால் பிழைப்பே போச்சு. தனியாக இழுத்துத் திணறினார். இயக்குநர் கையில் கேமரா ஓடியது.

"ஏஞ்சாமி, நான் உள்ள உழுந்தாலும் இப்படியே படம் புடிப்பீங்களா?"

மைக்கை வைத்துவிட்டு நானும் இழுத்தேன். வலை கிழியாமல் வந்தது. இழுத்தவருக்குப் பங்குண்டு என்று எனக்கொரு ஜிலேபி மீன் கொடுத்தார்.

"எனக்கில்லையா?" என்றார் இயக்குநர்.

"நீங்க பாத்துட்டுத்தானுங்க இருந்தீங்க!"

மறுநாள் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு இயக்குநரே வலையைப் பிடித்தார். நாங்கள் கேட்காமலே அக்கா தன் கதையைப் பேசத் தொடங்கினார்.

தள்ளிநின்று எடுப்பதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால், கை கொடுத்துவிட்டு எடுத்தாலும் அது உண்மைதான்.