தெய்வானையின் வெள்ளிக்கிழமைக் கூடை

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் மைசூர் ஹெப்பாளுக்குள் திரும்பிக்கொண்டிருந்தபோது, கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்திலிருந்து முருகேசன் கூப்பிட்டார். தெய்வானையின் தம்பி. வழக்கமாக அவர் அழைத்தால், அக்கா போன் எடுக்கவில்லை, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்பதற்காக இருக்கும். ஆனால் அன்று அக்கா அவர் வீட்டில்தான் இருந்தார். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போயிருந்தார்.

"அக்கா போயிருச்சுங்க," என்றார் முருகேசன். "காப்பி குடிச்சுட்டு நெஞ்சு அடைக்குதுன்னுச்சு. ஹனூரு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க."

நான் ஏதோ பதில் சொன்னேன். என்னவென்று நினைவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த ஆட்டோவில் ஏறி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கொள்ளேகால் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. டி.நரசிபுரம் தாண்டும்போது போனில் ஆபீஸ் மின்னஞ்சல் வந்தது. அதைப் படித்ததும் அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. 'பார்வைக் குறைபாட்டோடு கடைசி வரை புன்னகையுடன் போராடிய நம் சகோதரி' என்று எழுதியிருந்தார்கள்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான். தெய்வானை தம் கண்களோடு ஒருநாளும் போராடியதில்லை. அவர் போராடியது எங்களோடு. புன்னகையுடனும் இல்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சில விஷயங்கள். நாங்கள் ஒரு கோட் எடிட்டர் செய்கிறோம். நிரல் எழுதுகிறவர்கள் நாளெல்லாம் குடியிருக்கும் மென்பொருள் அது. அதில் ஓரமாக ஒரு தேடல் பகுதி உண்டு. ஒரு சொல்லைக் கொடுத்தால், எண்ணற்ற கோப்புகளில் அது எங்கெல்லாம் இருக்கிறது என்று வரிவரியாகப் பட்டியல் போடும். அந்தத் தேடல் பகுதியை எழுதியவர் தெய்வானை. அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்ப்பவள் நான், வனஜா. நான் பிறந்து வளர்ந்தது மைசூரில். என் தமிழில் பாதி கன்னடம். மிச்சப் பாதித் தமிழ் அவர் பேசக் கேட்டுத்தான் எனக்கு வந்தது.

அவர் வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு சண்டை. கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையில் இடம் போதவில்லை என்று அவர் பெயரைப் பாதியில் வெட்டியிருந்தார்கள். குழுவில் மற்றவர்கள் 'தேவி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் எழுந்து நின்று, முதலில் கன்னடத்திலும் பிறகு எனக்காகத் தமிழிலும் சொன்னார்: "எம்பேரு தெய்வானைங்க. எங்கம்மா யோசிச்சு வெச்ச பேரு. வாயி வலிச்சா மெதுவாச் சொல்லுங்க." அட்டை மூன்று முறை திரும்பிப் போய் முழுப் பெயரோடு வந்தது. தேடல் பட்டியலில் கோப்புகளின் பெயரை நடுவில் வெட்டிப் புள்ளி வைக்கும் வழக்கத்தையும் அவர் பிறகு ஒழித்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய பார்வை கல்லூரிக் காலத்திலிருந்தே ஓரங்களில் மறைந்துகொண்டு வந்தது. எங்களிடம் சேரும்போது குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். பிறகு அதுவும் மங்கியது. ஒரு கூட்டத்தில் அவரே அதை அறிவித்தார். "கண்ணு போயிட்டிருக்குது. ஒளிச்சு வெச்சு என்ன பண்றது? இனிமே ஸ்கிரீன்ல கையக் காட்டி இது, அதுன்னு பேசாதீங்க. எதுன்னு பேரச் சொல்லுங்க." சொல்லிவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த வேர்க்கடலையை உரித்துத் தின்ன ஆரம்பித்தார். கூட்டங்களில் கடலை உரிப்பது அவர் பழக்கம். அந்தச் சத்தம் யாருக்கும் பிடிக்காது.

எங்கள் மேனேஜர் நல்ல மனிதர். சிக்கலே அதுதான். தெய்வானையைத் தனியே கூப்பிட்டு, நிரல் எழுதும் வேலையை விட்டுவிட்டு உதவிக் குறிப்புகள் எழுதும் பகுதிக்குப் போகச் சொன்னார். "ஸ்வல்ப லைட் வொர்க் தகொள்ளி மேடம்," கொஞ்சம் லேசான வேலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மெத்தென்று சொன்னார். தெய்வானை சொன்ன பதில் "ஆகல்ல சார்." முடியாது என்பதைக் கன்னடத்தில் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல வழியில்லை. அறையை விட்டு வெளியே வந்ததும் என்னிடம், "எனக்கு வேலைய மாத்த வேண்டாம் புள்ள. அந்த எடிட்டர மாத்தச் சொல்லு," என்றார்.

மாற்ற வேண்டியது நிறைய இருந்தது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் குரலைக் காதில் கேட்டுக்கொண்டு அவர் வேலை செய்யத் தொடங்கிய வாரம், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு காதுக்குழலை என் காதில் செருகினார். தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் பெருமையோடு செய்துவைத்திருந்த மூன்று அழகான சின்னப் படங்கள் உண்டு. குரல் அவற்றைப் படித்தது: "பட்டன். பட்டன். பட்டன்." எது ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்ப்பது, எது முழுச் சொல்லைத் தேடுவது என்று ஒன்றும் சொல்லவில்லை. படம் வரைந்தோமே தவிர யாரும் அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை.

பெயர் வையுங்கள் என்று குழுவில் ஒருவரிடம் சொன்னோம். அவர் அவசரத்தில், படம் இருந்த கோப்பின் பெயரையே எடுத்து அதில் போட்டுவிட்டார். மறுநாள் குரல் கம்பீரமாக, "நியூ ஐகான் ஃபைனல் டூ" என்றது. தெய்வானை மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, அந்த மனிதரை அழைத்து அரை மணி நேரம் திட்டினார். அவருக்குத் திட்டுவதும் நன்றாக வரும். என்னோடு ஒருமுறை கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தார். மறைந்தவர் என்பதற்காக அவரைச் சாந்த சொரூபியாக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

அதன் பிறகு வந்ததுதான் கூடை. தேவராஜ மார்க்கெட்டில் பூக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கிய மூங்கில் கூடை. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் தெய்வானை அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாக வருவார். "மவுஸப் போடுங்க." எல்லாரும் மவுஸைக் கழற்றி அதில் போட வேண்டும். சாயங்கால டீ வரும் வரை விசைப்பலகை மட்டும். எந்த இடத்தில் மவுஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டீர்களோ, அதுதான் அடுத்த வாரம் நீங்கள் சரிசெய்ய வேண்டிய வேலை. முதல் சில வாரங்கள் ஆட்கள் மேசை இழுப்பறையில் இன்னொரு மவுஸ் ஒளித்து வைத்திருந்தார்கள். அவர் தம் இடத்திலிருந்தே, "அந்த டிக்குச் சத்தம் யாருதுங்க?" என்பார். மேனேஜர் மட்டும் வெள்ளிக்கிழமை மதியங்களில் தமக்கு வேறு கூட்டம் இருப்பதாகச் சொல்லிவிடுவார்.

தேடலில் எத்தனை இடங்கள் கிடைத்தன என்று குரல் சொல்ல வேண்டும் என்பது அவர் கேட்ட அடுத்த மாற்றம். செய்து கொடுத்தோம். ஆனால் ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் அது ஒரு எண்ணைச் சொல்லத் தொடங்கியது. "ஹனூர் பஸ் ஸ்டாண்டு கண்டக்டராட்டக் கத்துதே! நான் அடிச்சு முடிக்கட்டும், அப்பறம் வாயத் தொறக்கச் சொல்லு," என்றார். கை ஓயும் வரை காத்திருந்து, பிறகு ஒரே ஒரு முறை அடக்கமாகச் சொல்லும்படி அதை அவரே திருத்தி எழுதினார். இன்று எங்கள் எடிட்டரில் இருப்பது அதுதான்.

தலைமையகத்திலிருந்து பெரியவர்கள் வந்த நாளில் அவர் செய்ததை ஆபீஸில் இன்னும் பேசுகிறார்கள். எல்லாரும் வண்ணவண்ணமாகத் திரையில் காட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். அவர் முறை வந்ததும் போய் புரொஜெக்டரை அணைத்தார். "இப்ப நீங்களும் நானும் ஒண்ணு. தேடிக் காட்டறேன், கேளுங்க," என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆங்கிலத்திலும் அவர் பேச்சு ராமாபுரத்துப் பேச்சாகவே இருக்கும். இருண்ட திரைக்கு முன்னால் நின்று, குரல் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து, ஒரு சொல்லைத் தேடி, கண்டுபிடித்து, மாற்றி, மாற்றியதைச் சேமித்தும் காட்டினார். முடிந்ததும் வந்தவர்களில் ஒருவர், இப்படிப் பயன்படுத்துகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டார். "உங்களுக்கு எத்தன பேரு வேணுங்க? இங்க ஒருத்தி நிக்கறேன்," என்றார் தெய்வானை. 

அவர் கடைசியாக எழுதிய மாற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டியலில் ஒரு வரியில் நின்று அந்தக் கோப்பைத் திறக்கிறோம். பார்த்துவிட்டுப் பட்டியலுக்குத் திரும்புகிறோம். எங்கள் எடிட்டர் அப்போது நம்மைப் பட்டியலின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கண் தெரிந்தவருக்கு இது தொந்தரவே இல்லை, ஒரு பார்வை போதும். குரலைக் கேட்டு வேலை செய்கிறவர் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு இறங்கி வர வேண்டும். ஒவ்வொரு முறையும். "போயிட்டுத் திரும்பி வந்தா, நின்ன எடம் அப்பிடியே இருக்கோணும். அவ்வளவுதான் புள்ள நான் கேக்கறது," என்பார். பல மாதங்கள் அதனோடு மல்லுக்கட்டி, கல்யாணத்துக்குக் கிளம்பும் வெள்ளிக்கிழமை மதியம் முடித்தார். "நான் வர்றதுக்குள்ள சோதிச்சு வெய்யி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராமாபுரத்தில் எல்லாம் முடிந்த பிறகு முருகேசன் என்னை ஹனூர் பஸ்ஸில் ஏற்ற வந்தார். "ஆபீசப் பத்திக் கேட்டா அக்கா சண்ட போட்ட கதையத்தான் சொல்லுமுங்க," என்றார். "யாரு ஜெயிச்சாங்கன்னு கேப்பேன். இன்னும் முடியலடாங்கும்."

புதன்கிழமை ஆபீஸில் புதிய பதிப்பு பற்றிய கூட்டம். முதலில் எழுந்து நின்று மௌனம் காத்தோம். அடுத்து, ஒரு கூட்ட அறைக்குத் தெய்வானையின் பெயரை வைப்பதாக அறிவித்தார்கள். அதற்கடுத்த விஷயம், அவருடைய கடைசி மாற்றத்தை இந்தப் பதிப்பில் சேர்க்க நேரமில்லை, பிறகு பார்க்கலாம் என்பது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். என் ஒப்புதல் இல்லாமல் பதிப்பு வெளியே போகாது. அந்த ஒப்புதலை மேனேஜர் கேட்டார்.

"ஆகல்ல சார்," என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் நிதானமாக விளக்கினார், நாள் நெருங்கிவிட்டது என்றார், உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது என்றார். வருத்தம் இருக்கிறது, ஆனால் இது வருத்தத்தால் சொல்வதில்லை, சோதித்துப் பார்த்துவிட்டேன், வேலை செய்கிறது, சேர்க்காமல் அனுப்பினால் அது பழுதான பதிப்பு என்றேன். அறைக்குப் பெயர் வைப்பதானால் முழுப் பெயராக வையுங்கள் என்றும் சொன்னேன். கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். கூட்டம் இருக்கிறது என்றார். முடியும் வரை நிற்கிறேன் என்றேன்.  கடைசியில் அவரே மவுஸைக் கழற்றிப் போட்டார். பழைய பதிப்பைத் திறந்து கொடுத்துத் திரையை அணைத்தேன், காதுக்குழலைக் கொடுத்தேன். பட்டியலின் அடியில் இருக்கும் ஒரு வரியைத் திறந்து பார்த்துவிட்டு, அதற்கு அடுத்த வரிக்குப் போங்கள், அவ்வளவுதான் என்றேன்.

போனார். திரும்பினார். உச்சியில் நின்றார். மீண்டும் இறங்கினார், நடுவில் எண்ணிக்கை தப்பியது, மறுபடி உச்சி. மூன்றாவது முறை காதுக்குழலைப் பிடுங்கி மேசையில் போட்டு, "மத்தெ மொதலிந்தானா?" என்று கத்தினார். மறுபடியும் முதலிலிருந்தா என்று.  பதில் மின்னஞ்சல் டீக்குப் பிறகு வந்தது. சேர்த்துக்கொள்ளுங்கள், தாமதத்துக்கு மேலிடத்தில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று. சொல்கிறேன் என்று எழுதினேன். சொல்லியும் ஆயிற்று. அவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

பதிப்பு வெளியான காலையில் தெய்வானையின் நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய காதுக்குழலை மாட்டிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல்லைத் தேடினேன். பட்டியலில் வெகு தூரம் இறங்கி, ஒரு வரியைத் திறந்து, உள்ளே போய், திரும்பி வந்தேன். குரல் நான் விட்டுப்போன வரியையே படித்தது.

போய் வாருங்கள் தெய்வானைக்கா. நீங்கள் திரும்ப மாட்டீர்கள், தெரியும். எங்கேயோ ஓர் ஊரில் காதில் குரலைக் கேட்டுக்கொண்டு தேடுகிற ஒருவருக்கு உங்கள் பெயர் தெரியப்போவதில்லை. அவர் உள்ளே போய்த் திரும்பி வரும்போது, நின்ற இடம் அப்படியே இருக்கும்.