யாங்ஜி மாற்றிக் கொடுத்த பூட்ஸ்

எவரெஸ்ட் மலைப்பாதை தொடங்கும் லுக்லாவில் வழிகாட்டியாக இருக்கும் யாங்ஜி ஷெர்பா, பன்னிரண்டு வருடம் பிறர் மூட்டையைச் சுமந்தவள். பயணிகளின் பையைப் பிரித்துப் பார்க்காமல் மலைப்பாதையில் காலெடுத்து வைக்க மாட்டாள்.

காட்மாண்டுவிலிருந்து வந்த வங்கி அதிகாரி நவராஜின் பையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது.

“யாக் மாட்டுக்கா சார் இஸ்திரி போடப் போறீங்க?”

“மேல புத்த மடத்துல போட்டோ எடுக்கணுமே அக்கா!”

பெட்டியை வெளியே வைத்துவிட்டு இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையைத் திணித்தாள். பிறகு அவருடைய புது பூட்ஸைப் பார்த்தாள்.

“இதுல எவ்ளோ தூரம் நடந்தீங்க?”

“கடையிலேர்ந்து வீட்டுக்கு.”

“நல்லாப் போச்சு!”

அன்று காலை முழுக்க அவரை ஊரைச் சுற்றி நடக்கவைத்தாள். மதியத்துக்குள் குதிகாலில் கொப்புளம். தன் அண்ணனின் பழகிய பூட்ஸைக் கொண்டுவந்து அவளே மாட்டிவிட்டாள்.

ஐந்தாம் நாள் தெங்போச்சே மடத்து வாசலுக்கு நவராஜ் நொண்டாமல் ஏறி வந்தார். யாங்ஜிக்கு வாய்கொள்ளாத சிரிப்பு.