மந்திரிக்கு வள்ளக்காரர் முகம்

முகம் வரையத் தெரியாதவன் கேலிச்சித்திரம் வரைய வெளிக்கிட்டால் அவனை விசரன் என்றுதான் சொல்ல வேண்டும். எண்பத்து நான்கில் நயினாதீவில் அந்தப் பட்டத்துக்கு என்னோடு போட்டியிட ஆளில்லை.

எங்கள் வாசிகசாலையில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒரே பிரதி, பலகையில் குத்தி வைப்போம். தேர்தலுக்குத் தேர்தல் அக்கரையிலுள்ள புங்குடுதீவுக்குப் பாலம் போட்டுத் தருவதாகச் சொல்லும் ஒரு மந்திரியை, பாலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவராக வரைந்தேன். பாலம் நன்றாக வந்தது. முகம்தான் வரவில்லை. பேப்பரில் இருந்த மந்திரியின் படமோ வள்ளத்தில் நனைந்து ஊறிப் பூசணிக்காய் போல இருந்தது. ஆகவே, நாள்தோறும் வேலைக்குப் போகும்போது எனக்கு எதிரே சுக்கான் பிடித்தபடி நிற்கும் வள்ளக்கார அண்ணையின் முகத்தை எடுத்துப் போட்டேன். முறுக்கு மீசை, இரட்டை நாடி. நான் வரைந்தவற்றில் ஆள் அடையாளம் தெரிந்த ஒரே படம் அதுதான்.

மறுநாளே வள்ளத்தில் தொடங்கிவிட்டது. "மந்திரியார், பாலம் எப்ப?"

அவரும் சிரித்தார். "முதல் கூலியைத் தாரும், பிறகு பாலத்தைப் பாப்பம்."

அவர் சிரித்ததால் நான் பெரிய ஓவியனாகிவிட்டேன்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுக் கிளம்பியது. ஒரு காலை அவர் நங்கூரத்தை எடுக்கவில்லை. "இண்டைக்கு ஏலாது. கடல் சரியில்லை."

கடலைப் பற்றி அவர் சொன்னால் மறுபேச்சுப் பேசாத சனம். அன்று ஒருவன் கத்தினான்: "மந்திரியாற்றை கதையை ஆர் நம்புறது?" இறங்குதுறை முழுக்கச் சிரிப்பு. அதில் பெரிய சிரிப்பு என்னுடையது. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன், பார்த்தும் அடக்கவில்லை.

ஏழெட்டுப் பேர் வேறொரு சின்ன வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு போனோம். நடுக்கடலில் மெசின் நின்றது. வள்ளத்தில் பாதிக்குத் தண்ணீர் நிறைந்தது. எங்களோடு வந்த ஒரு தாய் தன் கைக்குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கரையில் சிரித்தவளல்ல. எங்கள் சிரிப்பை நம்பி ஏறியவள்.

ஏலாது என்றவர்தான் வந்தார். அந்தக் கடலில் தன் வள்ளத்தைக் கொண்டுவந்து, முதலில் தாயையும் பிள்ளையையும் ஏற்றினார். கடைசியாக என்னைச் சட்டைக் கழுத்தில் பிடித்து இழுத்துப் போட்டார். அவருடைய வள்ளத்துக்குள்ளும் கணுக்கால் அளவு தண்ணீர். அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் மீசையைப் பார்த்துச் சொன்னேன்: "அண்ணை, அந்தப் படத்தை இண்டைக்கே கிழிச்சுப்போடுறன்."

வெறும் பால்மாத் தகரப் பேணி ஒன்றை என் மடியில் எறிந்தார்.

"தண்ணியை இறையும்."