நெயில் பாலிஷ் புள்ளி

சித்தூரில் எங்கள் வீட்டில் மகள் தூங்கவேண்டுமென்றால் சுருதிப்பெட்டி ஓடவேண்டும். தம்புரா ஒலி தரும் பழைய மின்சாரப் பெட்டி. அதே ஒலியைப் போனில் வைத்தால் கண்ணைத் திறந்துவிடுகிறாள். இப்படிப் பழக்கியது சரியா என்று தினமும் யோசிக்கிறேன். டாக்டரிடம் கேட்க வெட்கம். போன வாரம் கோபியிடமிருந்து செய்தி வந்தது. “பேண்ட் திரும்ப ஆரம்பிச்சிட்டோம். பெட்டி இருக்குதா?”

திருப்பதியில் கல்லூரி நாட்களில் எங்கள் பேண்டில் நாங்கள் நால்வர். கோபி சத்தியவேட்டு விவசாய வீட்டுப் பிள்ளை. அவனுடைய பன்னிரண்டு தந்தி கிதார், கண்ணாடி வளையல்களைக் கொத்தாகக் குலுக்கியதுபோல் ஒலிக்கும். நாங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, அறுபதுகளில், மேல்நாட்டுப் பிள்ளைகள் கிறக்கத்தோடு பாடிய நாட்டுப்புற ராக் இசைதான் எங்களுக்கு உயிர். ஒரு பாட்டில் பின்னால் ரீங்காரம் விடாமல் ஓடியது. “டவுன்லோடு கெட்டுப்பூட்ச்சி” என்று அதை நீக்க என்னென்னவோ செய்தான் கோபி. பாட்டு வகுப்புக்குப் போனவள் நான்தானே!

“டேய், அது தம்புராடா!”

மறுநாள் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். என் குரல் நிற்கும் இடத்தில், சுருதி கூட்டும் திருகில் கோபி நெயில் பாலிஷால் புள்ளி வைத்தான்.

ஒத்திகை ஒரு லாட்ஜ் மாடியில். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியவர்கள் படியில் உட்கார்ந்து கேட்பார்கள். சந்தன வாசனை வந்தால் இன்றும் எனக்குச் சாமி நினைவு வருவதில்லை. தாளம் தப்பிய இடங்கள்தான் வருகின்றன. “எந்த சாமிக்கும்மா பஜனை?” என்று ஒரு அம்மாள் கேட்டார். “பொதுவா எல்லாத்துக்கும்” என்றான் கோபி.

செய்தி வந்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. நான் ஒத்திகைக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்வாரா என்று மாமியாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “போய்ட்டு வாயேன், யாரு வேணான்னாங்க” என்றுவிட்டார்.

நேற்று மதியம் கோபி வந்தான்.

“பாப்பா உன்ன மாரியே மொறைக்குது.”

“பாடறது யாருடா?”

“புதுசா ஒரு பொண்ணு வந்துகீது. கொரலு நல்லா மேல போவுது.” திருகைப் பார்த்தான். “இந்தப் புள்ளியத் தாண்டி வெச்சிக்கினா போச்சி. உன்னக் கூப்டலாம்னுதான்... கொழந்தய வெச்சிக்கினு உனுக்கு எங்க நேரம்?”

“ஆமா, எங்க நேரம்” என்றேன்.

பெட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். பைக் சத்தம் அடங்கியதும் மகள் அழ ஆரம்பித்தாள். மடியில் போட்டுக்கொண்டு ‘ம்’ என்று இழுத்தேன். குரல் சரியாக அந்தப் புள்ளியில் போய் நின்றது. அவளுக்குக் கண் செருகியது. அந்த லாட்ஜ் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. ரீங்காரத்துக்கு மேல் வரவேண்டிய பாட்டு வரவில்லை. மூச்சு வாங்க நிறுத்தினால் விழித்துவிடுவாளோ என்று, ரீங்காரத்தை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தேன்.