அந்த நேரத்தில் நான் வீட்டில்தான் இருந்தேன்

மாரத்தான் ஓடிப் பதக்கம் வாங்குகிறவளுக்கு ஓட்டத்தைவிடப் பெரிய தொல்லை, வீட்டில் உட்கார்ந்திருப்பது. தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். ஊக்கமருந்து சோதனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் அந்த நேரத்தில் வருவார்கள். ஆள் இல்லையென்றால் ஒரு தவறு. ஒரே வருடத்தில் மூன்று தவறு சேர்ந்தால் தடை. என் வயதில் தடை வந்தால் அப்புறம் ஓட்டமே கிடையாது.

நான் விடிகாலையைக் கொடுத்திருந்தேன். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியில் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பேன். அது முடிந்துதான் எண்ணூர் சாலைக்கு ஓடக் கிளம்புவேன்.

முதல் தவறு என்று தகவல் வந்தபோது சிரித்துவிட்டேன். நான் வீட்டில் இல்லையாம்! அன்று நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. முறையிட்டேன், தள்ளிவிட்டார்கள். இரண்டாவது தகவல் வந்தபோது சிரிப்பு வரவில்லை.

"நீ இங்கதான் குந்திகினு இருந்தே. நான்தானே டீ குட்த்தேன்," என்று அம்மா சத்தியம் செய்தாள். ஆனால் அதற்குப் பிறகு டீ கொடுக்கும்போதெல்லாம் என் விரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தர்காவில் ஓதிய கயிறு ஒன்றையும் கட்டிவிட்டாள். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறி வரும், பாதியில் நின்றுவிடும். எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை. கண்ணாடியில் என் முகம் தெரிகிறதா என்றுகூடப் பார்த்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் நாற்காலியைத் தூக்கிப்போய்க் கீழ்ப்படி அருகே போட்டேன். பனியில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஓர் ஆண் குரல் என் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து முழுசாகச் சொன்னது. நான் வாய் திறப்பதற்குள் ஒரு பெண் குரல் பதில் சொன்னது.

"அந்தப் பொண்ணா? அது செத்துப்பூடுச்சு சார்."

 ஒரு நொடி நான் அதை நம்பினேன்.

வெளியே போய்ப் பார்த்தால் கீழ்வீட்டு அக்கா. என் ஒவ்வொரு பதக்கத்துக்கும் பிளாக்குக்கே கேசரி கிண்டிக் கொடுத்தவள். எதிரே பெட்டியோடு ஓர் அதிகாரியும் ஒரு பெண்ணும். பம்படியில் தண்ணீர் பிடித்தவர்களிடம் அதிகாரி, நிஜமா என்று கேட்டார். "ஆமா சார், பூடுச்சு," என்றார்கள், குடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இவங்க யாரு?" என்று என்னைக் காட்டினார்.

"என் தங்கச்சி சார்," என்ற அக்கா என் மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்தாள்.

எனக்கு எல்லாம் விளங்கியது. எங்கள் பிளாக் எண்கள் எப்போதோ அழிந்துவிட்டன. யாரையாவது கேட்டுத்தான் வர முடியும். முன்பு வந்தவர்களையும் இவர்களே ஏதேதோ சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கோபம் தலைக்கேறியது.

"வுடுக்கா! இவங்க போலீஸ் இல்ல. என் பொழப்பே பூடும்."

அவள் விடவில்லை. என் காதருகே குனிந்தாள். "எம்புள்ளயும் இப்டித்தான். விடிகாலைல பேரச் சொல்லிக் கூப்ட்டாங்கோ. நான்தான் சார்னு எறங்கிப் போனான். அதோட சரி. பொணத்தக்கூட மூடித்தான் குட்த்தாங்கோ."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இதுவும் போனால் மூன்றாவது தவறு.

"நான்தான் சார்," என்றேன்.

அக்காவின் கை கழன்றுகொண்டது. நான் முன்னால் ஏற, பெட்டியோடு அவர்கள் பின்னால் ஏறினார்கள். முதல் மாடி திரும்புவதற்குள், கீழே அவள் என் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள்.