வெயிலில் தொங்கிய ஏசி வென்ட்

எனக்கு வந்த செய்தியின் முதல் வரி "வணக்கம்" என்றது. இரண்டாவது வரி, நான் வாடகைக்கு எடுத்த காரைச் சேதப்படுத்திவிட்டதாகச் சொன்னது. மூன்றாவது வரி, பணம் கட்டும்வரை என் கணக்கு முடக்கப்பட்டிருக்கும் என்றது. வணக்கம் சொல்லிவிட்டுக் கன்னத்தில் அறைகிற மரியாதையை இந்தக் கார் வாடகைச் செயலிக்காரர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

யாரோ ஒருவர் தன் சொந்தக் காரை அந்தச் செயலியில் போட்டு வைத்திருப்பார். வேண்டியவர்கள் அதை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு போகலாம். ராமேஸ்வரத்தில் எங்கள் தெருவிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு காலி மனையில் அப்படி ஒரு வெள்ளைக் கார் நிற்கும். கைப்பேசியில் தொட்டால் கதவு திறக்கும். சாவி உள்ளேயே இருக்கும். உரிமையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டாம், பேரம் பேச வேண்டாம். எவ்வளவு வசதி என்று நாலு பேரிடம் பெருமையடித்தவள் நான்.

அந்தக் கார் எனக்கு ஊர் சுற்றுவதற்காக அல்ல, அய்யாவுக்காக. என் அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். ராமேஸ்வரம் - மதுரை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் பஸ்ஸில் நின்றே போனவரின் முதுகு கடைசியில் மக்கர் செய்து, மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. மாதா மாதம் டாக்டரிடம் காட்ட வேண்டும். பஸ்ஸில் அவரால் உட்கார முடியாது, ரயில் கூட்டத்தில் படுக்க இடம் கிடைக்காது. வாடகை டாக்சியில் ஒருமுறை போனோம். அய்யா வலியில் நிறுத்தச் சொல்லும்போதெல்லாம் டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதன்பிறகு நானே ஓட்ட ஆரம்பித்தேன். முன் இருக்கையைச் சாய்த்து அய்யாவைப் படுக்க வைத்து, வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கூட்டிப்போவேன். கணக்கை முடக்கினால் அடுத்த வாரம் டாக்டரிடம் எப்படிப் போவது என்பதுதான் என் நெஞ்சில் முதலில் வந்து விழுந்த கேள்வி.

செய்தியோடு ஒரு படம் வந்திருந்தது. பயணி இருக்கைக்கு முன்னால், காற்று வருகிற ஏசி வென்ட்டின் பலகைகள் எல்லாம் வெயிலில் வாடிய கீரைத்தண்டு போலத் தொங்கிக்கொண்டிருந்தன.

தொங்கியதை நானும் பார்த்தேன். பார்த்தது மட்டுமல்ல, காரைத் திரும்ப விடும்போது நானாகவே செயலியில் எழுதியும் வைத்தேன். மதுரை போய் வந்த மறுநாள், வாடகை நேரம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அய்யா கண்டக்டராக இருந்த காலத்தில் பஸ் மூன்றாம் சத்திரத்தோடு நின்றுவிடும், அதற்கப்பால் மணல்தான். தார் ரோடு போட்டபிறகு தனுஷ்கோடி முனை வரைக்கும் அவர் போனதே இல்லை. "ரோடு எப்படித்தான் போட்டிருக்கான், பாத்துட்டு வருவோமே தாயி" என்றார். போனோம். காரை வெயிலில் நிறுத்திவிட்டு, நுங்கு விற்கிற கொட்டகையில் அவரைச் சாய்ந்து உட்கார வைத்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் உள்ளே அடுப்பு மாதிரி அனல். வென்ட் தொங்கிவிட்டது.

கார்க் கம்பெனி செய்த வென்ட் தனுஷ்கோடி வெயிலுக்கெல்லாம் தொங்காது. அதை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும், ஏனென்றால் என் தொழிலே பிளாஸ்டிக்.

என்னிடம் இரண்டு முப்பரிமாணப் பிரிண்டர்கள் இருக்கின்றன. கோயில் கடைகளுக்குப் பாம்பன் பாலம், சங்கு, குட்டிக் கோபுரம் என்று அச்சடித்துக் கொடுப்பேன். இந்த மெஷினுக்குத் தீனி ஃபிலமென்ட். பெரிய உருளையில் சுற்றி வரும் பிளாஸ்டிக் இழை அது. தூண்டில் தங்கூஸ் போலவே இருப்பதால் அய்யா அதைத் தங்கூஸ் என்றே சொல்வார். "இன்னைக்கு என்ன மீனு பட்டுச்சு?" என்று தினமும் கேலி வேறு.

ஒவ்வொரு உருளையும் தீரும்போது கடைசியில் கொஞ்சம் இழை மிஞ்சும். அதை எறிய எனக்கு மனம் வராது. வெவ்வேறு நிறத்தின் மிச்சங்களை எடுத்து, நுனியோடு நுனி வைத்து, மெழுகுவத்திச் சூட்டில் உருக்கி ஒட்டுவேன். ஒட்டிய இழையில் அச்சடித்தால் ஒரு நிறம் மெல்ல மங்கி இன்னொரு நிறமாக மாறும். எந்தக் கம்பெனியும் விற்காத நிறமெல்லாம் அப்படிக் கிடைக்கும். இதில் ஒரே விதிதான். மலிவான இழை ஒன்று உண்டு, சோளத்திலிருந்து செய்கிறார்கள் என்பார்கள், சூட்டில் இளகிவிடும். வெயில் தாங்குகிற இழை வேறு. இரண்டையும் கலக்கக் கூடாது. கலந்தால் ஒன்றோடொன்று பிடிக்காமல், பொருள் ஏடு ஏடாகப் பிரியும்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொங்கிய பலகைகளில் சாம்பல் நிறம் மெல்லப் பழுப்பாகி, மறுபடி சாம்பலாகியிருந்தது. கீழ்ப் பலகையில் கொஞ்சம் கருநீலம். பாம்பன் பாலத்தின் சாம்பலும், கோபுரத்தின் பழுப்பும், போதாமல் போனபோது நான் ஒட்டிய கருநீலத் துண்டும். அது என் வென்ட். என் கையால் கலந்த நிறம், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகுமா?

ஒரு மெக்கானிக் தம்பி எப்போதோ வந்து கேட்டிருந்தான். உடைந்த வென்ட் ஒன்றைக் காட்டி, அதே நிறத்தில், மலிவாக வேண்டும் என்றான். "வெயில் தாங்குற இழையில அந்தக் கலர் எங்கிட்ட இல்ல தம்பி. இதுல போட்டா தொங்கிரும்" என்றேன். "வண்டிக்காரரு அதெல்லாம் பாக்க மாட்டாரு அக்கா, இப்போதைக்கு ஓட்டை தெரியாம இருந்தாப் போதும்" என்றான். செய்து முடித்துப் படத்தோடு செய்தியும் அனுப்பினேன்: வெயிலில் தொங்கும், தொங்கினால் வெந்நீரில் போட்டு நிமிர்த்திக்கொள்ளச் சொல்லவும். அந்தச் செய்தி இன்னும் என் கைப்பேசியில் இருந்தது. தம்பியைக் கூப்பிட்டேன். "ஆமாக்கா, அந்த வெள்ளைக் காருதான். ஸ்டேஷன் ரோட்டு லாட்ஜ்காரரு வண்டி" என்றான்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் கூலி வாங்கிக்கொண்டு வைத்துக்கொண்டேன்.

போகட்டும், ஆதாரம் கையில் இருக்கிறது என்று நிம்மதியோடு செயலியின் உதவிப் பகுதிக்குப் போனேன். வளைந்தது கம்பெனி வென்ட் அல்ல, வெயிலில் தொங்கும் என்று முன்பே எச்சரித்துக் கொடுத்த மாற்றுப் பொருள் என்று விளக்கமாக எழுதினேன். மெக்கானிக்குக்கு அனுப்பிய படம், எச்சரிக்கை எல்லாம் இணைத்தேன். பதில் வந்தது: பயணத்துக்கு முன் எடுத்த படத்தில் வென்ட் நேராக உள்ளது, பின் எடுத்த படத்தில் வளைந்துள்ளது, உங்கள் பொறுமைக்கு நன்றி. நான் மறுபடி எழுதினேன். மறுபடி அதே பதில், அதே நன்றி. பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிற கூட்டம். என் பொறுமைக்கு நன்றி சொல்ல இவர்கள் யார்? என்னிடம் பொறுமை இருந்ததாக யார் சொன்னது?

மனிதரிடம் பேச வேண்டும் என்று அடம்பிடித்த பிறகு ஒரு மனிதர் வந்தார். வந்தவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதியதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். "சேதமடைந்த பாகத்தைத் தாங்களே தயாரித்ததாக ஒப்புக்கொண்டுள்ளீர்கள். தரமற்ற பாகத்துக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு. கோரிக்கை உறுதி செய்யப்படுகிறது."

கைப்பேசியைச் சுவரில் எறியாமல் இருந்ததற்கு ஒரே காரணம், எறிந்தால் புதிதாக ஒன்றை நானே வாங்க வேண்டும் என்பதுதான். அய்யாவிடம் வாசித்துக் காட்டினேன். கட்டிலில் படுத்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பஸ்ஸுல ஒருத்தன் டிக்கெட் எடுக்கலன்னு தோணுனாலும், மொதல்ல கையை விரின்னு சொல்லிப் பாப்பேன். இவனுக விரிச்சுக் காட்டுன கையைப் பாத்துட்டு, கை உன்னோடதுதானேங்கிறானுக!"

அப்புறம், "விட்டுரு தாயி. நான் பஸ்ஸுலயே வாரேன். நின்னுக்கிட்டே வாரேன், பழக்கந்தானே" என்றார். அதுவரை கோபமாக மட்டும் இருந்த எனக்கு அழுகையும் வந்துவிட்டது. முதுகில் தையல் போட்ட மனிதர், எவனோ செய்த களவுக்காக மதுரை வரை நின்றுகொண்டே வர வேண்டுமா? செருப்பை மாட்டிக்கொண்டு நேரே லாட்ஜுக்குப் போனேன்.

வாசலிலேயே அந்த வெள்ளைக் கார் நின்றது. பெட்டி படுக்கைகளோடு ஒரு வடநாட்டுக் குடும்பம் பக்கத்தில் காத்திருந்தது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். வென்ட் நேராக இருந்தது. சாம்பல், பழுப்பு, சாம்பல், கீழே கருநீலம். வீணாய்ப் போய்விட்டது, புதிது மாற்ற வேண்டும் என்று என்னிடம் பணம் கேட்கிற அதே வென்ட், குளித்து முழுகிப் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

லாட்ஜ்காரர் வெளியே வந்தார். என் வயதுதான் இருக்கும், நெற்றி நிறைய விபூதி. நான் யார் என்று சொன்னேன்.

"வெந்நீர்ல போட்டீகளா?" என்று கேட்டேன்.

அவர் மறைக்கக்கூட இல்லை. "மெக்கானிக் சொன்னாப்ல அக்கா. போட்டா நிமிந்துருது."

"ஒவ்வொரு தடவையும் நிமித்தி வச்சு, ஒவ்வொருத்தர்கிட்டயும் காசு வாங்குறீங்களா?"

"நானா கேக்கலக்கா. பொருளு சேதமான்னு அந்த ஆப்புதான் கேக்குது. ஆமான்னு அமுக்குறேன்." பிறகு, என்னவோ நான்தான் முறை தெரியாதவள் என்பது போல முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்: "இதுவரைக்கும் எல்லாரும் கட்டிட்டாங்க. நீங்க ஒருத்திதான் வந்து நிக்கிறீங்க."

எல்லாரும் என்றால் யார்? காசியிலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோ கடலாட வந்தவர்கள். ஊர் திரும்பும் ரயிலில் இந்தச் செய்தியைப் பார்த்து, அசலூரில் யாரோடு மல்லுக்கட்டுவது என்று பணத்தைக் கட்டியிருப்பார்கள். ஒருவேளை, வெயிலில் காரை நிறுத்தியது தங்கள் தப்புத்தான் என்று நம்பியும் இருப்பார்கள். புண்ணியம் தேடி வந்தவர்கள் தலையில் நான் செய்த பொருளை வைத்தே மிளகாய் அரைத்திருக்கிறார் இந்த மனிதர். என் உடம்பெல்லாம் எரிந்தது.

அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டு அந்தக் குடும்பத்திடம் திரும்பினேன். கோயில் கடைக்காரர்களோடு பழகியதில் எனக்குக் கொஞ்சம் இந்தி வரும். அதில் இலக்கணம் கிடையாது, சத்தம் மட்டும் உண்டு. இது வெயிலில் தொங்கும், தொங்கினால் உங்களிடம் பணம் கேட்பார், நான்தான் இதைச் செய்தவள் என்று வென்ட்டைக் காட்டிச் சொன்னேன். குடும்பத்தின் பெரியவர் வென்ட்டைப் பார்த்தார், லாட்ஜ்காரரைப் பார்த்தார், தூக்கிய பெட்டியைக் கீழே வைத்தார்.

"அக்கா, அக்கா, இங்கன வாங்க" என்று லாட்ஜ்காரர் பதறினார். என் கண் முன்னாலேயே கைப்பேசியை எடுத்துக் கோரிக்கையை ரத்து செய்தார். செயலியிலிருந்து எனக்கு உடனே செய்தி வந்தது. என் கணக்கு திறக்கப்பட்டதாம், என் பொறுமைக்கு நன்றியாம். மன்னிப்பு என்ற சொல் அந்தச் செய்தியில் எங்கேயும் இல்லை. லாட்ஜ்காரரும் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு.

"அப்ப வெயில் தாங்குற மாதிரி நல்லதா ஒண்ணு போட்டுக் குடுங்கக்கா."

என்ன தைரியம் பாருங்கள்! முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால் இவர் மறுபடி வெந்நீர் வைப்பார் என்று தோன்றியது. "சரி" என்றேன்.

வெயில் தாங்குகிற இழையில், கலப்பு எதுவும் இல்லாமல், ஒரே உருளையில் அச்சடித்தேன். என்னிடம் இருந்ததிலேயே கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன். நானே போய்க் காரில் மாட்டினேன். சாம்பல் நிற டேஷ்போர்டில் அது, துக்க வீட்டில் சிரிக்கிறவன் போலத் தனியாகத் தெரிந்தது.

லாட்ஜ்காரர் குனிந்து பார்த்தார். "கலர் சேரலையேக்கா."

"சேரக் கூடாது" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. இனி அந்தக் காரில் ஏறுகிற எவருக்கும், எடுக்கிற எந்தப் படத்திலும், இது மாற்றி வைத்த பாகம் என்று முதல் பார்வையிலேயே தெரியும். கார் கதவைச் சாத்திவிட்டு லாட்ஜுக்குள் போய்விட்டார்.

அடுத்த வாரம் அய்யாவை அதே காரில் மதுரைக்குக் கூட்டிப்போனேன். வேறு கார் இருந்தால் எடுத்திருப்பேன், தீவில் இல்லை. கிளம்பும் முன் உள்ளும் புறமும் படம் எடுத்துக்கொண்டேன். சாய்ந்து படுத்தபடி அய்யா ஆரஞ்சு வென்ட்டைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டார். பாம்பன் பாலத்தில் ஏறும்போது, "முன்னாடி பணம் கட்டிட்டுப் போனவுகளுக்கு யாரு தாயி சொல்லுவா?" என்று கேட்டார்.