பார்க்காமல் கழற்றத் தனி ரேட்டு

ஐந்து வருஷமாக என் பேக்கரியில் சாயங்காலம் பிறந்தநாள் கேக் வாங்கியவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள். பெயர் வழிந்திருக்கும். கயல்விழி என்று எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது எதுவும் படிக்க முடியாது. அதற்கு நான் காரணமில்லை. எதிர்ச் சாரியில் இருக்கும் தேவநாதன்தான் காரணம்.

கீரப்பாளையத்தில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் கடை. அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் தேவநாதன் வீட்டுச் சுவர். அந்தச் சுவர் முழுக்க, ஜன்னலை மட்டும் விட்டுவிட்டு, மேலிருந்து கீழ்வரை ஏ.சி.பி. என்கிற வெள்ளி நிற அலுமினிய ஷீட் அடித்திருந்தான், முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பு. நாலு மணிக்கு மேற்கு வெயில் அதில் பட்டுத் திரும்பி நேராக என் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து உட்காரும். நானும் ஸ்கிரீன் கட்டிப் பார்த்தேன், பெட்டியை நகர்த்திப் பார்த்தேன், சண்டையும் போட்டுப் பார்த்தேன். "மச்சான், சூரியன்கிட்ட போயி பேசு" என்று சொல்லிவிட்டான்.

தேவநாதனுக்குத் தொழில் அறுவடை மிஷின் புரோக்கர் வேலை. சம்பா அறுப்பு வந்துவிட்டால் காட்டுமன்னார்கோயில் வரைக்கும் எந்த வயலில் எந்த மிஷின் இறங்கும் என்பதை அவன் போன்தான் தீர்மானிக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா. நல்ல மனுஷன், ஆனால் எதையும் சாமியைக் கூப்பிடாமல் ஆரம்பிக்க மாட்டான். எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் முதலில் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி. மளிகைச் சீட்டில் போடுவான், பஸ் டிக்கெட்டின் பின்னால் போடுவான். ஒரு தடவை சிதம்பரத்தில் டாக்டரைப் பார்க்கப் போனபோது கையில் கொடுத்த டோக்கனிலும் போட்டுவிட்டான். நம்பரோடு சேர்ந்து அது வேறு நம்பராகத் தெரிந்ததில் நர்ஸ் அவனைக் கூப்பிடவே இல்லை. தன் கை அதைப் போடுகிறது என்பதே அவனுக்குத் தெரியாது.

போன உள்ளாட்சித் தேர்தலில் இவன் வார்டு மெம்பருக்கு நின்றான். எல்லோரும் தன் போனை எடுக்கிறார்கள், அதனால் எல்லோரும் ஓட்டும் போடுவார்கள் என்பது அவன் கணக்கு. சின்னம் சீப்பு. முன்மொழிந்தவள் அவன் மனைவி ஸ்ரீமதி. ரோட்டைப் பார்த்த சுவரில் ஆள் உயரத்துக்கு நீலப் பெயின்டில் ஒரு சீப்பு வரைந்து, 'உங்கள் வீட்டுப் பிள்ளை தேவநாதன்' என்று எழுத வைத்தான். எதிர்த்து நின்று ஜெயித்தவள் செல்லாயி. அவனுடைய அத்தை மகள். சின்ன வயதில் இவளைத்தான் அவனுக்குக் கட்டுவதாகப் பேச்சு இருந்தது, ஏதோ வரப்புத் தகராறில் நின்றுபோனது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் வேறு வார்டு என்பதால் எனக்கு அதில் ஓட்டுக் கிடையாது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவன் வாங்கியது ஒரே ஓட்டு.

ஒரு ஓட்டு வாங்குவது பூஜ்யத்தைவிடக் கேவலம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பூஜ்யம் என்றால் எல்லோருமாகச் சேர்ந்து செய்த சதி என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு ஓட்டு என்றால் அது அவனே போட்டுக்கொண்டது. அப்படியானால் பொண்டாட்டி போடவில்லை, முன்மொழிந்துவிட்டும் போடவில்லை. ஊர் இதை நொடியில் கண்டுபிடித்துவிட்டது. 'ஒத்த ஓட்டு மாமா' என்று பெயரும் வைத்துவிட்டது. டவுன் பஸ் கண்டக்டர்கள் எங்கள் ஸ்டாப்பையே 'ஒத்த ஓட்டு' என்று கூவி ஆளை இறக்கினார்கள்.

வீட்டில் அவன் ஸ்ரீமதியிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. மகன் சுரேந்தர் ஓட்டுக்கும் வராமல் ஓசூரில் வேலையில் இருந்ததால் அந்த வீட்டில் இரண்டே பேர், இரண்டு பேரும் சாம்பார், கரண்டு பில் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். சுவரில் இருந்த சீப்புக்கு வெள்ளையடித்தான். ஒரு மழைக்கு நீலம் மறுபடி எட்டிப் பார்த்தது. இன்னொரு தடவை அடித்தான், சீப்பின் பல்லெல்லாம் முன்பைவிடத் தெளிவாக வந்தது. அப்புறம்தான் கடலூரிலிருந்து ஆள் கூட்டிவந்து, இரும்புக் குழாய் அடித்து, அதன்மேல் ஷீட்டை மாட்டினான். அந்த ஷீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை ஊர் சீக்கிரம் மறந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேருக்கும் மறக்கவில்லை.

மாறாக, ஷீட் ஊருக்குப் பிடித்துப்போனது. காலேஜுக்குப் போகிற பெண்கள் அதில் பொட்டைச் சரிசெய்தார்கள். பையன்கள் தலை சீவினார்கள். சீப்பை மறைக்க மாட்டிய ஷீட்டுக்கு முன்னால் காலை எட்டு மணிக்கு ஒரே சமயத்தில் பத்து சீப்பு ஓடியது. தேவநாதன் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும், கேக் வழிகிற கோபத்தையும் மீறி.

ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற சந்து. சுற்றிலும் நெல் வயல். சந்துக்குள் எலி குடிவந்தது. எலியைத் தேடிச் சாரைப்பாம்பு வந்தது. காற்றடித்தால் ஷீட் படபடக்கும், பாம்பு நகர்ந்தால் சரசரக்கும், வெயிலில் சுவர் சுடும். இந்த ஐப்பசியில் ஒருநாள் சாரை வழிதவறி ஜன்னல் வழியாகக் கட்டிலுக்கு வந்துவிட்டது. ஸ்ரீமதி மறுநாள் காலையில் கடலூரில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினாள். ஏறுவதற்கு முன் என் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, அந்தத் தகரம் இறங்கினா எனக்கு ஒரு போன் போடுங்க. அவரு போட மாட்டாரு."

"நீயே சொல்லிட்டுப் போயேம்மா."

"சொல்லியாச்சு. பாம்புன்னா கூட வுட்டுருவேன். அந்தத் தகரத்த பாத்தா எனக்கு ஒவ்வொரு நாளும் ஒண்ணு ஞாபகம் வருது" என்றாள். என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தேவநாதன் ஒரு வாரம் ஓட்டலில் சாப்பிட்டான். அப்புறம் ஷீட்டைக் கழற்ற என்ன செலவாகும் என்று விசாரிக்க ஆரம்பித்தான். சிதம்பரத்திலிருந்து முதலில் வந்த ஆள் சுவரைத் தட்டிப் பார்த்தான், முகர்ந்துகூடப் பார்த்தான்.

"எப்படி மாட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சாதான் ரேட்டு சொல்ல முடியும் சார்."

"எப்படித் தெரியும்?"

"கழட்டிப் பாத்தா தெரியும்."

"கழட்டிட்டா அப்புறம் ரேட்டு என்னாத்துக்கு?"

"அதான் சார் சிக்கல்" என்று என் கடையில் டீ குடித்துவிட்டுப் போனான். டீக்கு நான் காசு வாங்கவில்லை.

இரண்டாவதாக லூர்துசாமி வந்தான். கடலூர்க்காரன், முதலில் மாட்டியவனும் அவனே. மாட்டியதைப் போல ஒன்றரை மடங்கு கேட்டான். ஏனென்று கேட்டதற்கு, "மாட்டும்போது கழட்டணும்னு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா கழட்டுற மாதிரி மாட்டியிருப்பேன்" என்றான். அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. என் கடையில் வைத்துப் பேரம் முடிகிற நேரத்தில் தேவநாதன் தன் நிபந்தனையைச் சொன்னான்: முதலில் தார்ப்பாய் கட்டி மறைக்க வேண்டும், உள்ளே கழற்ற வேண்டும், உள்ளேயே பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும், சுவரை ஊரில் ஒருத்தரும் பார்க்கக் கூடாது.

"சரி சார்."

"நீங்களும் பாக்கக் கூடாது."

லூர்துசாமி என்னைப் பார்த்தான். நான் பன் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"கண்ண மூடிக்கிட்டு சாரத்துல ஏறச் சொல்றீங்களா?"

"சுவத்துக்கு முதுக காட்டிக் கழட்டுங்க."

லூர்துசாமி யோசித்தான். "பாக்காம கழட்டணும்னா அதுக்குத் தனி ரேட்டு சார்" என்றான். தேவநாதன் ஒத்துக்கொண்டான். இந்த உலகத்தில் பார்க்காமல் இருப்பதற்குக் கூலி வாங்கிய முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான்.

தார்ப்பாய் வந்து இறங்கியதும் செல்லாயி ஆட்களோடு வந்துவிட்டாள். அவளுடைய பதவிக்காலம் முடிந்துபோய்விட்டது, ஆனாலும் ஊருக்கு அவள் மெம்பர்தான்.

"மாமா, இத எடுத்துட்டா ஊரே தலைசீவாம காலேஜுக்குப் போவும். வளைவுல திரும்புற டிரைவருங்க இதப் பாத்துதான் எதிர வர்ற வண்டிய தெரிஞ்சிக்கிறாங்க. இது பொதுச் சொத்து மாமா."

"என் வூட்டு சுவரு."

"சுவரு உங்களுது. கண்ணாடி மக்களுது" என்றாள். கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். பாதிப் பேர் ஆட்டும்போதே ஷீட்டைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்கள்.

இவன் எங்கே மனம் மாறிவிடுவானோ என்று எனக்கு எரிச்சல் வந்தது. கேக்குக்காக மட்டுமில்லை. ஓட்டலில் சாப்பிட்டு அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உள்ளே போய் ஸ்ரீமதிக்குப் போன் போட்டேன். தகரம் இன்னும் இறங்கவில்லை, இறங்கப்போகிறது, நீ இல்லாவிட்டால் இறங்காது என்றேன். வெள்ளாற்றுப் பாலத்தில் நெரிசல், சிதம்பரத்தில் பஸ் மாறி வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. வந்து இறங்கினவள் செல்லாயியைப் பார்த்தாள், கட்டியிருந்த தார்ப்பாயை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். லூர்துசாமி ஆட்களுக்கு டீ எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

உள்ளே லூர்துசாமி ஸ்குரூ டிரைவரோடு சுவருக்கு முதுகைக் காட்டி நின்றான். தேவநாதன் சாக்பீஸால் முதல் ஷீட்டின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டுக்கொண்டிருந்தான்.

"தகரத்துக்குக் கூடவா?" என்றாள் ஸ்ரீமதி.

"எதுக்கும் போடறதுதான." திரும்பாமலே சொன்னான்.

அவள் அந்தச் சுழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பையைக் கீழே வைத்தாள்.

"ஓட்டுச் சீட்டுலயும் போட்டீங்களா?"

சாக்பீஸ் நின்றது. தேவநாதன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். ஓட்டுச் சாவடியின் அட்டைத் தடுப்புக்குள் மறுபடி போய் நின்று பார்க்கிறான் என்று தெரிந்தது.

"ஓரமா, சின்னதா போட்டேன். அப்புறம்தான் சீப்புல குத்துனேன்."

"சீட்டுல பேனா பட்டா அது செல்லாது சார்" என்றான் லூர்துசாமி, முதுகைக் காட்டியபடியே. "எங்க ஊர்ல ஒருத்தரு அதுல கையெழுத்தே போட்டாரு."

வெளியே ஒரு பஸ் வந்து நின்று கிளம்பியது.

"அப்ப அந்த ஒண்ணு?" என்று தேவநாதன் கேட்டான்.

"நான் போட்டது. ஒண்ணுன்னு சொன்னப்ப, நீங்க போடலன்னு நெனச்சேன். செல்லாயிக்குக் குத்திட்டு வந்துட்டீங்கன்னு நெனச்சேன். அஞ்சு வருஷமா அதத்தான் நெனச்சேன்." அவள் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "நான் போடலன்னு நீங்க நெனச்சீங்களாக்கும்?"

தேவநாதன் லூர்துசாமியின் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கி அவனே ஷீட்டைக் கழற்றினான். ஸ்குரூவோடு காரையும் சேர்ந்து வந்தது. முதலில் சீப்பின் கைப்பிடி தெரிந்தது, அப்புறம் பல், அப்புறம் அவன் பெயர். சாயங்காலத்துக்குள் எல்லா ஷீட்டும் இறங்கியது. எலிகளும் சாரையும் போன திசை தெரியவில்லை. பார்க்காமல் இருந்ததற்கான தனி ரேட்டை லூர்துசாமி தானாகவே கூலியில் கழித்துக்கொண்டான், கடைசியில் பார்த்துவிட்டேன் சார் என்று.

"தார்ப்பாய அவுத்துருங்க" என்றான் தேவநாதன்.

"பட்டி?"

"வாணாம்" என்றாள் ஸ்ரீமதி. "என் ஓட்டு அது."

தார்ப்பாய் விழுந்தது. செல்லாயியும் அவள் ஆட்களும் ஆள் உயரச் சீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்து காட்டுமன்னார்கோயில் பஸ் வந்து நிற்க, கண்டக்டர் வழக்கம்போல "ஒத்த ஓட்டு எறங்கு" என்று கூவினான். தேவநாதன் படிக்கட்டுப் பக்கம் போனான்.

"தம்பி, அது என் ஓட்டு இல்ல. எங்க வூட்டுக்காரம்மா போட்டது. என்னுது செல்லாத ஓட்டு" என்றான். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கேட்கும்படி, அவ்வளவு பெருமையாகச் சொன்னான்.

ஸ்ரீமதி கிட்டே வந்து அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "அடுத்த எலெக்ஷன் முடிஞ்சி தர்றேன்" என்றாள்.